பிரேக் போடாமல் பத்து நிமிஷம்

ரெண்டரை நிமிஷம் அசையாம நிக்கணுமாம். எஞ்சின் ஓடணும், ஏசி ஓடணும், பின்கண்ணாடியைச் சூடாக்குத பட்டனை அமுக்கி வச்சிருக்கணும், ஆனா வண்டி ஒரு இஞ்ச் நகரக் கூடாது. என்ன எளவு சட்டமோ. புகை டெஸ்ட் கடைக்கார ஹெக்டர் எழுதிக் குடுத்த சீட்டு ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டிக் கெடக்கு. இனி அதைப் பாக்கவே வேண்டாம், சண்டே கிளாஸ்ல சங்கீதம் ஒப்பிச்ச மாதிரி ஒப்பிப்பேன். ராத்திரி முழுக்க வண்டி குளுந்து கெடக்கணும். டேங்க்ல பாதிக்கு மேல, முக்காலுக்குக் கீழ பெட்ரோல் இருக்கணும். ரெண்டரை நிமிஷம் சும்மா நிக்கணும். பிறகு ஹைவேல ஏறி அம்பத்தஞ்சு மைல்ல பத்து நிமிஷம், அஞ்சு மைலுக்கு மேல கூடவும் கூடாது, கொறையவும் கூடாது, பிரேக்ல கால் படக் கூடாது. பிறகு எக்ஸிட்ல எறங்கி காலை எடுத்துட்டு, வண்டி தானா இருவதுக்கு வார வரைக்கும் விடணும், அப்பவும் பிரேக் கெடையாது. இதுல ஒண்ணு தப்புனாலும் முதல்ல இருந்து. மோசேக்குக் கூட ஆண்டவர் பத்தோட முடிச்சிட்டாரு, இந்த கலிபோர்னியாக்காரனுக்கு பத்து போதாது. மணி ஆறு இருவது. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாளையோட ரெஜிஸ்ட்ரேஷன் முடியுது. இன்னைக்கு இந்த வண்டி புகை டெஸ்ட்ல பாஸாகலைன்னா நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு இழுத்துட்டுப் போக ஆள் வருவான், பழைய வண்டிகளை நொறுக்குத எடத்துக்கு. ஏற்பாடு பண்ணினது வேற யாருமில்ல, நான் பெத்த பிள்ளை ஜெபராஜ்தான். வண்டி இன்னும் அவன் பேர்லதான் இருக்கு. வண்டி போச்சுன்னா என் வேலை போச்சு, பதினோரு மைலுக்கு ஒரு பஸ் கெடையாது. வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் பெட்டியைக் கட்டிக்கிட்டு அவன் வீட்டு மாடி ரூமுக்குப் போயி ஒக்காரணும். அதுக்கு நான் இப்பவே இந்த பார்க்கிங்ல படுத்துக்குவேன்.

ரெண்டு நிமிஷம் ஆச்சு. பக்கத்து சீட்ல இவுக முட்டு மேல ரெண்டு கையையும் வச்சிக்கிட்டு ஃபோட்டோ எடுக்க ஒக்காந்த மாதிரி இருக்காக. வரவேண்டாம்னேன், வாரேன்னாக. என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி பாளையங்கோட்டைல பொதுப்பணித்துறை ஜீப் முப்பத்தொரு வருஷம் ஓட்டினவுக, அதனால அவுக பக்கத்துல இருந்தா வண்டி நல்லா ஓடும்னு நெனைப்பு. எங்க ஓடிச்சு. நாலு வாரமா சாண் ஏறுனா முழம் சறுக்குது. மானிட்டராம், மானிட்டர். பள்ளிக்கூடத்துல கிளாஸ் லீடரைத்தான் அப்படிச் சொல்லுவோம், வாத்தியார் இல்லாதப்ப பேசினவன் பேரை எழுதி வைப்பான். இதுவும் அந்த மாதிரிதான், வண்டிக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருந்து, இந்த பாகம் சரியா வேலை பாக்கு, அந்த பாகம் சரியா வேலை பாக்குன்னு ஒவ்வொண்ணா சோதிச்சு எழுதி வைக்குமாம். எழுதி முடிச்சாத்தான் புகை டெஸ்ட் பண்ணுவாங்க. எழுதாம வெத்துச் சிலேட்டோட போனா, வண்டில ஒரு கோளாறும் இல்லைன்னாலும், போயிட்டு பிறகு வான்னு அனுப்பிருவாங்க. இதுல கூத்து என்னன்னா பேட்டரி வயரைக் கழட்டினா எழுதினது அம்புட்டும் அழிஞ்சிரும். இது யாருக்குத் தெரியும்? ஜூலைல இவுக தங்கச்சி மக கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் ஊருக்குப் போனப்ப இவுக கீழ போயி பேட்டரி வயரைக் கழட்டி வச்சிட்டு வந்தாக. ஜீப்புக்கு அப்படித்தான், நாலு நாள் நின்னா கழட்டி வைக்கது, இல்லன்னா பேட்டரி எறங்கிரும். நல்ல பழக்கம்னுதான் நானும் நெனைச்சேன். ஊருல இருந்து வந்து டெஸ்டுக்குப் போனா ஹெக்டர் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டான். பேட்டரியைக் கழட்டினீங்களா, இனி கழட்டாதீங்க, தெனமும் ஓட்டுங்க, ஒரு வாரத்துல அதுவே எல்லாத்தையும் எழுதிரும்னான். நானும் ஒரு வாரம் ஓட்டிட்டுப் போனேன், வெத்துச் சிலேட்டு. ரெண்டாவது வாரம் போனேன், வெத்துச் சிலேட்டு. ஜெபா ஒரு சின்ன கருவி வாங்கிக் குடுத்தான், ஸ்டியரிங்குக்கு அடியில சொருகினா எது எழுதியாச்சு எது எழுதலைன்னு பச்சையும் மஞ்சளுமா விளக்கு காட்டும். சாயந்திரம் வீடு வார நேரம் மூணு பச்சை இருக்கும், காலைல எல்லாம் மஞ்சள். எனக்கு கோட்டி பிடிக்காதது ஒண்ணுதான் கொறை. போன செவ்வாக்கிழமை ஹெக்டர் வேற ஒரு மிஷினை மாட்டிப் பாத்துட்டு, மேடம், இந்த வண்டியோட ஞாபகம் அழிஞ்சு இருவத்திரண்டு மைல்தான் ஆகுதுன்னான். இருவத்திரண்டு மைல்னா ஒரு நாள் வேலைக்குப் போயிட்டு வார தூரம். யாரோ தெனமும் ராத்திரி கழட்டுதாங்கன்னு சொல்லிட்டு அவன் வேற வண்டியைப் பாக்கப் போயிட்டான்.

போலாம். கியரைப் போட்டாச்சு. ஸ்பீட் பிரேக்கர் வருது, இங்க பிரேக் போடலாம், ஹைவேலதான் கூடாது. இவுக கால் பாருங்க, என் காலுக்கு முந்தி இவுக கால் மிதிக்கி, அந்தப் பக்கம் வெறும் கார்ப்பெட்தான் இருக்கு. எட்டு மாசமா மிதிச்சு மிதிச்சு அந்த எடமே தேஞ்சு போச்சு. போன நவம்பர்ல சர்ச் பார்க்கிங்ல, ஆராதனை முடிஞ்சு வண்டி கதவைத் திறக்கப் போனவுக அப்படியே சரிஞ்சு விழுந்தாக. வலிப்பு. நான் பாத்ததே கெடையாது, இவுகளுக்கு அம்பத்தெட்டு வயசுல முதல் தடவை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கு, வாயில நுரை, யாரோ நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் ஓடி வந்து கையில சாவிக்கொத்தைத் திணிச்சாரு, இரும்பைப் பிடிச்சா நின்னுரும்னு. ஆஸ்பத்திரில டாக்டர் சிரிக்காமலே சொன்னாரு, சாவிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு. மாத்திரை எழுதினாரு, லைசென்ஸ் ஆபீசுக்கும் எழுதிப் போட்டாரு, அது இங்க சட்டமாம். ஒரு வாரத்துல லைசென்ஸை நிறுத்தி வச்சிட்டோம்னு லெட்டர் வந்துட்டு. ஒரு வருஷம் வராம இருந்தா திருப்பிக் கேக்கலாம், நான் கையெழுத்துப் போடுதேன்னு டாக்டர் சொல்லிருக்காரு. வார நவம்பரோட ஒரு வருஷம். இவுக அன்னைக்கு அழல. லெட்டரை மடிச்சு பைபிளுக்குள்ள வச்சாக. பிறகு நான் கத்துக்கிட்டேன். மூணாவது தடவைதான் பாஸானேன், ரெண்டாவது தடவை பரீட்சை வச்ச அம்மா கீழ எறங்கி பெருமூச்சு விட்டது இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்கி. ஆனா பாஸானேன். மார்ச்ல இருந்து பாலர் பள்ளில வேலை, ரெண்டு வயசுப் பிள்ளைங்க, பன்னெண்டு பேரு, மிஸ் மலர் மிஸ் மலர்னு சேலையைப் பிடிச்சு இழுக்க நான் சேலை கட்டிட்டுப் போகல, பேண்ட் போட்டிருக்கேன், பேண்ட்டைப் பிடிச்சு இழுக்கும். பொன்மலர்னு ஒருத்தி இருக்கான்னு இந்த ஊருக்கு மார்ச்லதான் தெரிஞ்சுது. வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன், காலைல கதவைச் சாத்திட்டு சாவியை எடுத்துட்டுப் படி எறங்குதப்ப எனக்கு பாட்டு வருது.

ஏறியாச்சு. நாப்பத்தஞ்சு, அம்பது, அம்பத்தஞ்சு. மணி ஆறு நாப்பத்தொண்ணு, ஆறு அம்பத்தொண்ணு வரைக்கும் இப்படியே. வலது லேன்ல எனக்கு முன்னால ஒரு தக்காளி லாரி, ரெண்டு ட்ரெய்லர் மாட்டினது, லாரிகளுக்கு இங்க அம்பத்தஞ்சுதான் சட்டம், அது நல்லதாப் போச்சு. இடம் விட்டு அது பின்னாலயே போறேன். குழியில ஏறி எறங்குதப்ப நாலு தக்காளி உருண்டு விழுது. பின்னால வாரவன் ஹார்ன் அடிச்சிட்டு தாண்டிப் போறான். போ, உனக்கு ஏழு மணிக்குள்ள பரலோகம் போகணுமா, போ. ரெண்டு பக்கமும் காய்ஞ்ச வயல், மாட்டுப்பண்ணை நாத்தம், ஏசி வழியா உள்ள வருது. கண்ணு ஸ்பீடு முள்ளுலயே இருக்கு. கீழ கருவில மஞ்சள் ரெண்டு மினுக்குது. ஒண்ணு பெட்ரோல் ஆவியைப் பிடிக்குத சோதனை, அது இல்லைன்னாலும் மன்னிச்சிருவாங்களாம். இன்னொண்ணு கேட்டலிஸ்ட், வண்டிக்கு அடியில புகையைக் கழுவி விடுத பெட்டி, அது எழுதலைன்னா மன்னிப்பே கெடையாது. மத்ததெல்லாம் பச்சை. எப்படிப் பச்சை ஆச்சு? செவ்வாக்கிழமை ராத்திரில இருந்து சாவியை என் தலையணைக்கு அடியில வச்சிப் படுக்கேன். பானெட்டைத் திறக்குத லீவர் வண்டிக்குள்ளதான் இருக்கு, வண்டியைத் திறக்காம ஒருத்தனும் பேட்டரில கை வைக்க முடியாது. புதன்கிழமை காலைல மூணு பச்சை, ஒண்ணும் அழியல. வியாழக்கிழமை நாலு. அப்ப யாரோ வண்டியைத் திறந்துதான் கழட்டிருக்கான். யார்ட்ட இன்னொரு சாவி இருக்கு? ஜெபாட்ட இருக்கு. யாருக்கு இந்த வண்டி ஒழியணும்? ஜெபாவுக்கு ஒழியணும். போன வருஷத்துல இருந்து அவனும் அவன் பொண்டாட்டியும் பாடுத ஒரே பாட்டு, இந்த அப்பார்ட்மெண்ட் எதுக்கு, தனியா எதுக்கு, வயசான காலத்துல அம்மாவுக்கு டிரைவிங் எதுக்கு. அவன் ஜிம்முக்குப் போற வழில எங்க பார்க்கிங் இருக்கு. ரெண்டும் ரெண்டும் நாலு. புதன்கிழமை போன் போட்டு கேட்டுட்டேன். ஏலே, பெத்தவ காரை ராத்திரில வந்து கழட்டுதியே, நீ வெளங்குவியான்னு கேட்டேன். அவன் முதல்ல சிரிச்சான். பிறகு அம்மா உங்களுக்கு ஏதோ ஆயிட்டுன்னான். பிறகு, எனக்கு வேற சோலி இல்லையான்னு சத்தம் போட்டு போனை வச்சிட்டான். அதுல இருந்து பேச்சு இல்ல. பிள்ளைட்ட அந்த வார்த்தை சொன்னது தப்புதான், வெளங்குவியான்னு கேட்டது. ஆனா கேக்காம எப்படி இருக்க.

அம்பத்தாறு. கொஞ்சம் காலை எடு. அம்பத்தஞ்சு. நெஞ்சுல இருந்தது வாய்க்கு வந்துட்டு. இன்னைக்கு மட்டும் பாஸாகட்டும், பேப்பரை எடுத்துட்டுப் போயி அவன் வீட்டு வாசல்ல வச்சிட்டு, இனி உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன், கிறிஸ்துமஸுக்கும் வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்துருவேன்னு இவுகட்ட சொன்னேன். நீங்களும் அவன்ட்ட பேசக் கூடாதுன்னேன். இவுக ரோட்டைப் பாத்தாக. சின்ன வயசுல அவனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப கீழாநெல்லி அரைச்சுக் குடுத்து நாப்பது நாள் மடியில வச்சிருந்தது இதுக்குத்தானான்னேன். இப்படி எல்லாம் நான் பேசுதவ இல்ல, ஆனா நாலு வாரம், நாலு வாரம் ஒரு பொம்பளையை முட்டாளாக்கினா வேற என்ன பேசுவா. ஆறு நாப்பத்தஞ்சு. இன்னும் ஆறு நிமிஷம். அப்பத்தான் இவுக தொண்டையைச் செருமிட்டு, ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாக.

"அவன் இல்லட்டி. நான்தான் கழட்டினேன்."

முதல்ல எனக்கு ஒறைக்கல. ஊருக்குப் போனப்ப கழட்டினதைச் சொல்லுதாக போலன்னு நெனைச்சு, அது தெரிஞ்ச கதைதானன்னு சொல்லப் போனேன். இல்ல, தெனமும்னாக. சாயந்திரம் நடக்கப் போறேன்னு கீழ போயி கழட்டிட்டு, காலைல பேப்பர் எடுக்கப் போறேன்னு கீழ போயி மாட்டிருவேன்னாக. செவ்வாக்கிழமைக்குப் பிறகு சாவி கைக்கு ஆப்புடலன்னாக. நான் ஒளிச்சது என் சாவியைத்தான, ஜெபாட்ட இருக்குத சாவியை இல்லையே, அது எனக்கு ஏன் தோணல. முள்ளு அம்பத்தஞ்சுல நிக்கி. கை ஸ்டியரிங்ல இருக்கு. நான் திரும்பி இவுக மூஞ்சியைப் பாக்கணும், பாக்க முடியாது. ஓரமா நிறுத்தி இந்த மனுசன் சட்டையைப் பிடிச்சு உலுக்கணும், நிறுத்த முடியாது. நிறுத்தினா போச்சு, நாலு வாரம் போச்சு. தெரியாமச் செஞ்சிருப்பாகளோ, ஜீப் பழக்கம், கை தானா போயிருக்குமோ. எப்படித் தெரியாமப் போகும், ஹெக்டர் பேட்டரியைக் கழட்டாதீங்கன்னு சொன்னப்ப இவுக என் பக்கத்துலதான் நின்னாக, அவன் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல எடுத்துச் சொன்னது நான்தான், கழட்டினா எல்லாம் அழிஞ்சிருமாம்னு நானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன், இவுக நல்லாத் தலையை ஆட்டினாக. அப்ப தெரிஞ்சே. தெரிஞ்சே தெனமும் ரெண்டு தடவை மாடிப்படி எறங்கி ஏறி. எதுக்கு? நான் ஓட்டுதேன், தான் ஓட்டலங்கிற பொறாமையா? ஆம்பளைங்களுக்கு அது இருக்கும்தான். பிள்ளையைத் திட்டினேனே. வெளங்குவியான்னு கேட்டேனே ஆண்டவரே. எதுக்குங்க, எதுக்குன்னு கேட்டேன், என் சத்தம் எனக்கே யார் சத்தமோ மாதிரி கேட்டுது. இவுக ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்திச் சொன்னாக. நாம ஊருல இருந்து வந்த அடுத்த வாரம், நீ வேலைக்குப் போன பிறகு, அடுப்பங்கரைல டீ போட நின்னேன். வலிப்பு வரப்போகுதுன்னு தெரிஞ்சுட்டு. கண்ணுல வெளிச்சம் மாதிரி ஒண்ணு வரும். இரும்பைத் தேடினேன். சாவி ஆணில இல்ல, நீ கொண்டு போயிட்ட. டிராயர்ல ஸ்பானர் கெடந்துச்சு, அதை எடுத்தது வரைக்கும்தான் ஞாபகம். முழிச்சப்ப மணி பதினொண்ணு. பால் பொங்கி அடுப்பெல்லாம் கருகிக் கெடந்துது. ஸ்பானர் பக்கத்துல கெடந்துது. அன்னைக்கு சாயந்திரம் அதை எடுத்துக்கிட்டுதான் கீழ போனேன்னாக.

அன்னைக்கு. அன்னைக்கு எந்த நாள்? கன்னத்துல சிராய்ச்சிருந்துச்சே அந்த நாள். கதவுல இடிச்சிட்டேன்னாக. நான் பாத்தேன். பாத்தேன், என்னதுன்னு கேட்டேன், கதவுன்னாக, சரின்னு ஹெக்டர் கடைக்குப் போன் போடப் போயிட்டேன். பால் பாத்திரம் ஏன் கருகிச்சுன்னு வேற ஏசினேன். ஒரு பால் காய்ச்சத் தெரியாதான்னு கேட்டேன். கதவு கன்னத்துல எப்படி இடிக்கும், கதவு நெத்தில இடிக்கும், மூக்குல இடிக்கும், இது ஒரு கேள்வியா, ரெண்டு வயசுப் பிள்ளை ஒண்ணு அப்படிச் சிராய்ச்சிட்டு வந்தா நான் ஃபாரம் எழுதி, ஐஸ் வச்சி, தாய்க்குப் போன் போட்டு, எப்படி விழுந்துச்சுன்னு நாலு பேர்ட்ட கேட்டிருப்பேன். அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. அடுப்பு எரிய எரிய இந்த மனுசன் தரையில கெடந்திருக்காக, நான் பதினோரு மைல் தள்ளி யார் பிள்ளைக்கோ கைதட்டிப் பாட்டுச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன். ஆத்திரம் ஆத்திரமா வருது, இவுக மேலயா என் மேலயான்னு தெரியல. ஏன் சொல்லல? சொல்லிருந்தா நான் அன்னைக்கே வேலையை நிறுத்திட்டு வீட்ல நின்னிருப்பேன்லான்னு கத்தினேன். இந்தக் கூத்து எதுக்கு, ஸ்பானர் எதுக்கு, பிள்ளை தலையில பழி எதுக்கு. டாக்டர்ட்ட சொன்னா லைசென்ஸ் இனி கெடைக்காதுல்லான்னு மொனங்கினாக. அது எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு, நவம்பர் நவம்பர்னு இவுக காலண்டரைப் பாக்கதை நான் பாக்காமலா இருந்தேன். பிறகுதான் இன்னொண்ணும் சொன்னாக.

"நோயாளியைப் பாத்துக்க நீ வீட்ல நிக்கது வேற. காரு ஓடலன்னு நிக்கது வேற. என்னால நின்னான்னு இருக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

ரோடு கலங்கிப் போச்சு. லாரி, வயல், முள்ளு எல்லாம் தண்ணில கெடக்கு. தொடைக்க கை எடுக்க பயமா இருக்கு. பாட்டு பாடிக்கிட்டுப் படி எறங்குவேனே, அது மேல வரைக்கும் கேட்டிருக்குமோ. கேட்டிருக்கும். எந்நேரமும் கேட்டுத்தான் இருக்கும். கோட்டிக்கார மனுசன், செத்துப் போயிருந்தா என்ன செய்வேன், நாலு வாரமா கார் காருன்னு உசுரை விட்டேனே, சாயந்திரம் வந்து கதவைத் திறந்து பாத்தா, வேண்டாம், அதை நெனைக்க வேண்டாம், முள்ளைப் பாரு, முள்ளு தெரியல. எஞ்சின் எரைச்சல் கூடுது. அறுவது ஆயிட்டு, காலை லேசா எடுன்னு இவுக குரல் வந்துது. ஏசுத குரல் இல்ல, முட்டு மேல வச்ச கையைக் கூட எடுக்கல. எடுத்தேன். ம், அப்படியே வச்சிக்கன்னாக. கொறையுது, கொஞ்சம் குடு. போதும். இவுக முள்ளைப் பாக்கல, ரோட்டைத்தான் பாக்காக, சத்தத்தை வச்சே சொல்லுதாக. முன்னால தக்காளி லாரி பின்விளக்கு சிவப்பா எரிஞ்சுது, அது எக்ஸிட்ல எறங்கப் போகுது போல, மெதுவாகுது, என் கால் பிரேக்குக்குப் போச்சு. மிதிக்காதன்னாக. இடது பக்கம் இண்டிகேட்டரைப் போடு, பின்னால ஒருத்தரும் இல்ல, நான் பாத்துட்டேன், மாறு. மாறினேன். எட்டு மாசத்துல முதல் தடவையா இவுக கால் கார்ப்பெட்டை மிதிக்கல. லாரியைத் தாண்டியாச்சு. மறுபடி வலது லேனுக்கு வான்னாக, வந்தேன். மணி பாக்க எனக்குத் தெம்பு இல்ல, இவுகதான் பாத்தாக. இன்னும் ரெண்டு நிமிஷம்னாக. ஒரு நிமிஷம்னாக. அந்த ஒரு நிமிஷத்துல எனக்கு ஒரு கேவலமான நெனைப்பு வந்துது, ஒளிக்க மாட்டேன். இந்த விளக்கு பச்சையானாலும் நான் இனி திங்கக்கிழமை எப்படிக் கதவைச் சாத்திட்டுப் போவேன்னு நெனைச்சேன். பன்னெண்டு பிள்ளைங்க மூஞ்சியும் வரிசையா வந்துது. எனக்கு இவுக மேல அவ்வளவு கோவம் வந்துது, பக்கத்துல ஒக்காந்து எனக்கு ஸ்பீடு சொல்லிக் குடுக்காகளே, அந்த நேரத்துலயும் வந்துது.

எக்ஸிட். காலை எடுத்தாச்சு. அம்பது, நாப்பத்தஞ்சு. ரோடு லேசா மேடா இருக்கு, தானா கொறையுது. பின்னால யாரும் வரல, பயப்படாதன்னாக. முப்பது. சிக்னல் தூரத்துல பச்சையா நிக்கி, மாறிருமோன்னு இருக்கு, மாறினா பிரேக் போட்டாகணும். மாறாது, நீ போன்னாக. இவுகளுக்கு எப்படித் தெரியும், சிக்னல் இவுக பொதுப்பணித்துறையா. இருவத்தஞ்சு. இருவது. கீழ கருவி ஒரு தடவை கீச்சுன்னுச்சு. நான் குனியல, இவுகதான் குனிஞ்சு பாத்தாக, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாக. கேட்டலிஸ்ட் பச்சைன்னாக. இன்னொண்ணு மினுக்கிக்கிட்டுதான் கெடக்கு, அது மன்னிக்கதுதானன்னாக. ஆமான்னேன். நாலு வாரமா இந்தப் பச்சைக்கு எப்படிக் கும்பிட்டேன், இது வந்தா ஹைவேனு பாக்காம எறங்கி ஆடணும்னு நெனைச்சேன். வந்துட்டு. மூக்கைச் சிந்த ஒரு துணி இல்ல வண்டில.

ஹெக்டர் ஏழரைக்குக் கடை திறந்தான். வயரை மாட்டினான், எஞ்சினை உறும விட்டான், ஸ்கிரீனைப் பாத்துட்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பேட்டரிக் கள்ளனைப் பிடிச்சாச்சான்னு கேட்டான். பிடிச்சாச்சுன்னேன். இவுக தள்ளி டயர் அடுக்கு பக்கத்துல நின்னு செருப்பைப் பாத்துக்கிட்டு இருந்தாக, இங்கிலீஷ் புரியலைன்னாலும் இது புரிஞ்சிருக்கும். பாஸ்னு போட்ட பேப்பர் கையில சூடா இருக்கு, மிஷின்ல இருந்து அப்பத்தான் வந்தது. ஜெபாவுக்குப் போன் போட்டேன், எடுக்கல, எப்படி எடுப்பான். வண்டி பாஸ், இழுக்க வாரவனை வரவேண்டாம்னு சொல்லு, உன்ட்ட அம்மா பேசினது தப்பு, சாயந்திரம் வீட்டுக்கு வான்னு மெசேஜ் பேசி அனுப்பினேன். பள்ளிக்கும் போன் போட்டேன், இன்னைக்கு வரலைன்னேன். திங்கக்கிழமையான்னு கேட்டாங்க. சொல்லுதேன்னேன். வண்டில ஏறி ஒக்காந்தேன், இவுகளும் ஏறினாக. டாக்டர் ஆபீஸ் எட்டரைக்குத் திறப்பாங்க, இங்க இருந்து கால் மணி நேரம். இவுகளுக்கும் தெரிஞ்சு போச்சு எங்க போறோம்னு, கேக்கல. ஸ்டார்ட் பண்ணாம ஒக்காந்திருந்தேன். லைசென்ஸ் இவுகளோடது, போறதும் இவுகளோடது, நான் பாட்டுக்குப் போயி போட்டுக் குடுக்க மனசு இல்ல. சொல்லாம விடவும் மாட்டேன். நீங்க சொல்லுதீங்களா நான் சொல்லட்டுமான்னு கேட்டேன். இவுக கையை முட்டு மேல வச்சிக்கிட்டு ஹெக்டர் கடைச் சுவரைப் பாத்தாக.

"நானே சொல்லுதேன். நீ சொன்னா ஒரு தடவைதான் வந்துதுன்னு சொல்லுவ."